பூட்டிய பீரோவும் புதிய கதைநூல்களும்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல அத்தியாயங்களாகத் தொடரும் கதைநூல்கள் வேண்டும்; இன்று விட்ட இடத்தை நாளை தேடிப் படிக்கும் பழக்கம் அவற்றால் உண்டாகும். ஏழைப் பெற்றோர் இவற்றை விலைகொடுத்து வாங்க இயலாது. பள்ளி நூலகத்தில் கதைநூல்கள் இருத்தல் வேண்டுமென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே விதிக்கிறது.

பணத்திற்கு வழி யாது? 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் தொடக்கப் பள்ளி நூலகத்திற்கு ஆண்டுக்கு ரூ.5,000 வரை வகுத்தது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊராரே முன்வந்து பொருள் வழங்கியதையும் மறத்தலாகாது.

பணத்தினும் பெரிய தடை, பீரோவின் பூட்டு. நூல் தொலைந்தால் தம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று ஆசிரியர் அஞ்சுகிறார். பதிவேட்டைப் பார்வையிட வரும் எம்மைப் போன்ற அலுவலர்களும் அவ்வச்சத்திற்குக் காரணரே. மத்திய அரசின் பொது நிதி விதிகளோ (2017), வழங்கிய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து, இயல்பான இழப்பாகவே ஏற்கின்றன. அவை நம் கிராமப் பள்ளிகளுக்கென வகுக்கப்பட்டவையல்ல. எனினும் பள்ளி மேலாண்மைக் குழு இக்கருத்தில் ஒரு தீர்மானம் எழுதி வைக்குமாயின், ஆசிரியர் துணிந்து பூட்டைத் திறப்பார்.

நிற்க. ஒரே நூலில் முப்பது பிரதிகள் வாங்குவது வீண். பதினைந்து நூல்களில் இரண்டிரண்டு போதும். வாங்குமுன், இரு பிள்ளைகளை முதல் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அந்நூலை வாங்கலாம்.