மறதி நடிப்பல்ல

மட்டக்குளியில் ஒரு வீட்டில் பெரிய சச்சரவு. வயதான தாயாரின் மோதிரத்தைக் காணவில்லை. மருமகள்தான் எடுத்தாள் என்று அம்மா அயலெல்லாம் சொல்லிவிட்டார். இரண்டு கிழமைக்குப் பின் மோதிரம் அரிசி வாளிக்குள் கிடந்தது. “காலையில் சாப்பிட்டதை மறக்கிறவ, கலியாணத்துக்கு முந்தின கதையெல்லாம் பிசகாமல் சொல்றா. நடிக்கிறாவோ, சுவாமி?” என்று மருமகள் கேட்டாள்.

நடிப்பல்ல. அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியையே பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. பழையவை ஊன்றிப் போனவை, நெடுநாள் தாங்கும். சிறுவயதில் பழகிய செபமாலை தவறாமல் வருவதும் அதனால்தான். மோதிரத்தை இடம்மாற்றி வைத்தது மனதில் பதியவேயில்லை. ஆகவே யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பழி விழுவதோ, கூடவிருந்து பணிவிடை செய்பவள் மீது!

1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் நோத்ர் டாம் சபைக் கன்னியரிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 அருட்சகோதரிகள் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு இணங்கினர். இறந்தபின் தங்கள் மூளையையும் ஆய்வுக்குக் கையளித்தனர். கற்பித்தே வாழ்ந்த பலர் கொடுத்த கடைசிப் பாடம் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. நூறு வயதளவில் இறந்த ஒரு சகோதரியின் மூளையில் நோயின் படிவுகள் நிறைய இருந்தன. அவரோ கடைசிவரை தெளிவாகவே இருந்தார். வேறு சிலரிடம், அதே படிவுகளோடு இரத்தக்குழாய் அடைப்பால் வந்த சிறு காயங்களும் சேர்ந்தபோது அறிவு வெகுவாய் மங்கியிருந்தது. பிரஷரையும் சீனி வருத்தத்தையும் நடுவயதிலேயே கட்டுப்படுத்தச் சொல்லும் வைத்தியர் மூளைக்கும் சேர்த்தே சொல்கிறார்.

இது எங்கோ தூரத்துச் செய்தியல்ல. தேவத்தைத் திருத்தலம் இருக்கும் ராகமவில் 65 வயதைக் கடந்த 703 பேரைப் பரிசோதித்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு இவ்வகை நோய் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோருக்கு அல்சைமர்.

எல்லா மறதியும் இதுவல்ல. தைரொயிட் குறை, விற்றமின் பி12 குறை, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதி தரும், அவற்றுக்கு வைத்தியமுண்டு. “வயசானால் அப்படித்தான்” என்று விட்டுவிடுவதும், செய்வினை என்று மந்திரவாதியைத் தேடுவதும் வீண். அல்சைமரை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் வருத்தம் இன்னதென்று தெரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை ஓயும்.

தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அடுத்த முறை ஏதும் காணாமற் போனால் வாதாடாமல் அவவோடு சேர்ந்து தேடும்படியும் சொன்னேன். “அரிசி வாளியை முதலில் பார்க்கிறேன், சுவாமி” என்றாள் மருமகள்.