பால் டின்களும் பச்சிளங் குழந்தைகளும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் மளிகைக் கடையும் சில்லறைக் கடையும் வைத்திருப்போர் பலர். அக்கடைகளில் பருப்பு தீர்ந்துபோன நாள் இருக்கலாம். பால் டின் இல்லாத நாள் இராது. ஆயினும் அந்த டின்களுக்குள் என்ன இருக்கிறது, எது யாருக்கு உரியது என்று நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்? நாமும் வெகு காலம் படிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் ஐந்து மாதக் குழந்தையுடன் நம் கடைக்கு வந்தார். வழக்கமாக அவர் வாங்கும் குழந்தைப் பால்மாவு விலை ஏறியிருந்தது. 555 புத்தகத்தில் பழைய பாக்கியும் நின்றது. "பாய், இதைவிட மலிவாக ஒன்று கொடுங்கள், பால் எல்லாம் பால்தானே" என்றார். கடைப்பையன், வீட்டில் எல்லோரும் கரைத்துக் குடிக்கும் சாதாரணப் பால்மாவை எடுத்துக் கொடுத்தான். நாம் கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். நாலைந்து மாதங்கள் சென்றபின் அந்தக் குழந்தையைப் பார்த்தால் கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனால் உதடு வெளுத்திருந்தது. டாக்டர் இரத்தத்தைச் சோதித்து, இரும்புச் சத்துக் குறைவினால் வந்த சோகை என்று சொல்லி மருந்து கொடுத்தாராம். அத்தாய் நம்மை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. நமக்குத்தான் மனம் உறுத்தியது.

பால் எல்லாம் பால்தானா? நிறை மாதத்தில் பிறக்கும் குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கையிருப்பு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். குறை மாதத்தில் பிறந்ததும், எடை குறைந்து பிறந்ததும் சிறு முதலுடன் கடை திறந்தவனைப் போன்றவை. அவற்றிற்குக் கையிருப்பு முன்னதாகவே தீர்ந்துவிடும்.

தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இராது. ஆனால் அந்தக் கொஞ்சத்தில் நல்ல பங்கைக் குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்கிறது. பசுவின் பாலிலும் இரும்பு அதே அளவுதான். ஏற்கப்படுவதோ அதில் மிகச் சிறு பங்கு. போதாததற்கு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பசும்பாலையே முக்கிய ஆகாரமாகக் கொடுத்தால், சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாதபடி இரத்தம் கசிவதும் உண்டு. வரவு குறைவு, செலவு அதிகம். சோகை வராமல் என்ன செய்யும்? இதற்காகவே குழந்தைப் பால்மாவில் லிட்டருக்கு 4 முதல் 12 மில்லிகிராம் வரை இருக்கும்படி இரும்பைச் சேர்க்கிறார்கள். அது உடலில் ஏறுவதற்கு வைட்டமின் சி-யும் உடன் சேர்க்கப்படுகிறது. அன்று கடைப்பையன் கொடுத்த மலிவான டின்னில் இந்தச் சேர்க்கை இல்லை.

மற்றொரு டின் இனிப்புக் கட்டிப்பால். தேநீருக்கும் காப்பிக்கும் அதுவே உயிர். ஆனால் குழந்தைக்கு அது பால் அல்ல, சர்க்கரை. அதன் வரலாறு நம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேய அரசாங்க வைத்தியப் பெண்மணி 1936-ம் ஆண்டில் மலாயாவுக்கு வந்தார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் கட்டிப்பாலைக் கரைத்து ஊட்டியதால் குழந்தைகள் நலிந்து சாவதை இங்கே கண்டார். 1939-ம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற பொருளில் பேசினார். தாய்மாரை ஏமாற்றும் விளம்பரத்தால் விளையும் இச்சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டும் என்று, வியாபாரப் பிரமுகர்கள் நிறைந்த அந்தச் சபையில் தயங்காமல் சொன்னார். ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் வாடியவரும் அவரே. உலகச் சுகாதார ஸ்தாபனம் இத்தகைய விளம்பரங்களுக்கு விதிகள் வகுத்தது 1981-ம் ஆண்டில்தான். அப்பேச்சுக்கும் அதற்கும் இடையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள். இன்று கட்டிப்பாலின் இடத்தில் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் க்ரீமர் வந்துவிட்டது. டின்னின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி, வாடிக்கைக்காரர் கேட்கும் கேள்விக்கு வருவோம்: "இதைக் கொடுத்தால் பிள்ளை நன்றாக வளருமா?" இங்கே நம் நாக்கைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அரசாங்கமே குடும்பங்களுக்குப் பால்மாவு வழங்கி வருகிறது. 1999-ம் ஆண்டையொட்டி அதில் இரும்பு முதலிய சத்துக்களைச் சேர்த்தார்கள். முன்பு ஒரு வயதையொட்டிய குழந்தைகளில் கால் பங்குக்கு மேல் சோகை இருந்தது. பின்னர் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. ஆகவே இரத்தத்திற்கு இரும்புப் பால் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. உயரத்தையும் எடையையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சத்துச் சேர்த்த பாலால் வளர்ச்சியில் உண்டான வித்தியாசம் அற்பமாகவே காணப்பட்டது. புட்டிப்பால் குழந்தை தாய்ப்பால் குழந்தையைவிட விரைவாக எடை போடுவதுண்டு. அதைச் சிறப்பென்று எண்ண வேண்டாம்.

இரும்பு மிகுந்தால் மிகுந்த நன்மை என்பதும் இல்லை. அதே சிலி நாட்டில் ஆறு மாதக் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு லிட்டருக்கு 12.7 மில்லிகிராம் இரும்புள்ள பாலும், மறுபகுதிக்கு 2.3 மில்லிகிராம் உள்ள பாலும் கொடுத்தனர். பத்து வயதில் அவர்களைச் சோதித்து, 2012-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் இரத்தம் குறைந்திருந்த குழந்தைகளுக்கு அதிக இரும்பு நன்மை செய்தது. முன்னமே நல்ல இரத்தம் இருந்த குழந்தைகளோ, அதிக இரும்பு பெற்றதால் அறிவுச் சோதனையில் பின்தங்கினர். ஆகையால் "இதில் இரும்பு அதிகம், இதை வாங்குங்கள்" என்று கூவி விற்கும் சரக்கு அல்ல இது.

தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்கு எந்த டின்னும் தேவையில்லை. இரண்டாண்டுப் பாலூட்டலைப் பற்றி நம்மவருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதத்திற்குப்பின் மட்டும் ஈரல், இறைச்சி, மீன், முட்டை, மசித்த பருப்பு என்று இரும்புள்ள ஆகாரத்தைச் சேர்க்க வேண்டும். வெறும் சோற்றுக் கஞ்சியில் அது கிடைக்காது. செல்லமாகத் தேநீரைப் பருக வைப்பதோ உள்ள இரும்பையும் ஏறவிடாமல் தடுத்துவிடும். ஒரு வயது கடந்த குழந்தை வீட்டுச் சாப்பாட்டுடன் சாதாரணப் பாலே குடிக்கலாம். ஆறு மாதத்திற்கு மேல் என்று விற்கப்படும் இரண்டாம் எண் டின் அவசியமற்றது என்று உலகச் சுகாதார ஸ்தாபனமே 2013-ல் கூறிவிட்டது. இதைச் சொன்னால் வியாபாரம் குறையாதா என்று ஓர் அன்பர் கேட்டார். குறையும்தான்.

டின் வாங்கியே தீர வேண்டியவருக்கு ஒன்று சொல்லலாம். கரண்டிக் கணக்கு அந்தந்த டின்னுக்கே உரியது. மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் டின் நாலு நாள் கூடுதலாக வரும், குழந்தை மெலியும். பால்மாவு கிருமியற்ற பண்டம் அல்ல. கொதித்து இறக்கிய நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் மாவைக் கரைத்து, பிறகு குளிரவைத்துப் புகட்ட வேண்டும்.

நம் கடையில் இப்போது க்ரீமர் டின்களைத் தேயிலைக்கும் காப்பித்தூளுக்கும் பக்கத்தில் மாற்றிவிட்டோம். குழந்தைப் பால்மாவு தனித் தட்டில் இருக்கிறது. மலிவானது கேட்டு வருபவரிடம் கடைப்பையன் முதலில் குழந்தையின் மாதத்தைக் கேட்கிறான்.