அளந்து பார்ப்போம், பிறகு வாங்குவோம்: கார் பேட்டரி தந்த பாடம்

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் சார்ந்து எதையாவது தருவேன் என்று இதழாசிரியர் குழு எதிர்பார்த்திருக்கலாம். நானோ கார் பேட்டரியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நான் பொறியியல் மாணவனும் அல்லன், கணக்கியல் படிப்பவன். ஆனால் 2023-ஆம் ஆண்டில் மூன்று மாதங்களுக்குள் எங்கள் குடும்பம் இரண்டு பேட்டரிகளை வாங்கியது. இரண்டுமே கோளாற்றைத் தீர்க்கவில்லை. நம்மில் பலர் வீட்டின் பழைய காரைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு வருகிறோம். அவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணி

என் தாத்தாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து விட்டன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் காலை ஆறரை மணிக்கு அவர் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். நாங்கள் வசிப்பது பழைய தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. அம்மாதான் காரில் அழைத்துச் செல்வார். காருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, "காடி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குதுப்பா" என்று அம்மா என்னை எழுப்பினார். சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. பட்டறையில், "பெட்ரி போச்சு" என்றார்கள். 190 வெள்ளி கொடுத்து மாற்றினோம். ஐந்து வாரம் கழித்து மீண்டும் அதே ஓசை. "அந்தப் பெட்ரி சரியில்ல, வேற போடலாம்" என்று சொல்லி, பழையதற்குக் கொஞ்சம் கழித்துக் கொண்டு 150 வெள்ளி வாங்கினார்கள். சிவப்பு எச்சரிக்கை விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை. ஆகவே நாங்களும் நம்பினோம்.

செப்டம்பரில் மூன்றாம் முறை. அன்று வெள்ளிக்கிழமை. அண்டை வீட்டாரின் காரில் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. தாத்தாவின் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. மறுநாள்தான் இடம் கிடைத்தது. அன்றிரவு கால்கள் வீங்கி, படுக்க முடியாமல், தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். நான் பக்கத்தில் விழித்திருந்தேன். நாங்கள் கொடுத்த 340 வெள்ளி அன்று எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் மாமா வந்தார். லோரிப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு பெட்ரி மாத்துனீங்களே, யாராச்சும் அளந்து பாத்தாங்களா?"

எவரும் அளந்து பார்க்கவில்லை.

பேட்டரியும் அதன் துணைவனும்

தமிழ்ப்பள்ளியில் உலர் மின்கலங்களைத் தொடராக இணைத்து மின்குமிழை எரிய வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இடைநிலைப்பள்ளியில் அதே பாடம் மலாய் மொழியில் வந்தது. பட்டறையிலோ அதற்கு வேறொரு மொழி. மாமா பட்டறை மொழியில் விளக்கியபோது, எனக்குக் கை கொடுத்தது தமிழ்ப்பள்ளியில் கற்ற 'மின்சுற்று' என்ற சொல்தான். மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வர வேண்டும். வழியில் எங்கே தடை இருந்தாலும் சுற்று கெடும்.

கார் பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆக மொத்தம் 12.6 வோல்ட். ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் சேர்ந்த இவ்வகை மின்கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கினார். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. மின்னூட்டம் செய்தால் அது கரைகிறது. ஊட்டம் குறைந்த நிலையிலேயே நெடுநாள் விட்டுவிட்டால் படிவு இறுகி, பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

பேட்டரியின் முதன்மையான வேலை, இயந்திரத்தை இயக்கி வைக்கும் அந்தச் சில நொடிகள்தான். சிறிய காருக்குக்கூட அப்போது நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பொறுப்பு மின்னாக்கியிடம் போகிறது. பட்டறையில் இதை ஆல்டர்னேட்டர் என்பார்கள். பெல்ட் இதைச் சுழற்றுகிறது. விளக்கு, குளிரூட்டி, வானொலி ஆகியவற்றுக்கு மின்சாரம் தருவதோடு, பேட்டரி இழந்ததையும் இதுவே நிரப்புகிறது. ஆகவே பேட்டரி செத்துவிட்டது என்றால், அதுவே கெட்டதா, அல்லது அதற்கு உணவு வரவில்லையா என்பதுதான் முதல் கேள்வி.

மூன்று அளவுகள்

ஹார்ட்வேர் கடையில் 25 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். நேர்மின்னோட்ட வோல்ட், 20 என்ற அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் வைத்தால் போதும்.

1. கார் இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பின்: 12.6 வோல்ட் முழு ஊட்டம். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

2. சாவியைத் திருப்பும் நொடியில்: 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முழு ஊட்டம் இருந்தும் இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

3. இயந்திரம் ஓடும்போது: பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். முகப்பு விளக்கையும் குளிரூட்டியையும் போட்டாலும் 13-க்குக் கீழே போகக் கூடாது. 15-ஐத் தாண்டினால் மிகை மின்னூட்டம். அதுவும் பேட்டரியைக் கொல்லும். கணினி வழி மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த எண்கள் ஏறி இறங்கும்.

எங்கள் காரை அண்டை வீட்டுக் காரிலிருந்து ஜம்ப் செய்து ஓட விட்டு அளந்தேன். பேட்டரியில் 12.1 வோல்ட்தான். மின்னூட்டம் வரவில்லை. "அப்படின்னா ஆல்டர்னேட்டர் போச்சா மாமா?" என்றேன். "அவசரப்படாதடா. அதையும் அள" என்றார்.

சுழலும் பெல்ட்டில் கை படாமல், சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்புறம் தடித்த கம்பி இணையும் இடத்தில் வைத்தேன். 14.3 வோல்ட்! மின்னாக்கி தன் கடமையைச் செய்து கொண்டுதான் இருந்தது. அதனால்தான் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஆனால் அங்கிருந்து பேட்டரிக்கு வரும் வழியில் 2.2 வோல்ட் காணாமல் போனது. கம்பியைத் தடவிக்கொண்டே போனோம். நடுவில் ஓர் இணைப்பு பச்சைப் பூத்து, சூட்டில் கருகியிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிய இணைப்பு போட 15 வெள்ளி ஆனது. இப்போது பேட்டரியில் 14.1. ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் வைத்த அந்த 'கெட்ட' பேட்டரி இன்றும் எங்கள் காரில் இருக்கிறது.

அன்றாடப் பராமரிப்பு

நம் நாட்டு வெப்பத்தில் பேட்டரியின் ஆயுள் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். அதைக் குறைக்காமல் இருக்கச் சில வழிகள்:

முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு இருந்தால், வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது நேர்முனை முதலில்.

நீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரோ குடிநீர்ப் போத்தல் நீரோ கூடாது.

தேர்வு வாரம் முழுவதும் விடுதியில் நிற்கும் காரிலும் கடிகாரம், எச்சரிக்கை மணி போன்றவை சிறிது சிறிதாக மின்சாரம் குடிக்கும். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நிறுத்தத்திலும் இயங்கும் கேமரா இருந்தால் அதைக் கழற்றி வையுங்கள்.

ஜம்ப் செய்யும்போது, சிவப்பு கேபிளைச் செத்த பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், கடைசியாகச் செத்த காரின் இயந்திர இரும்பிலும் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம். கடைசித் தீப்பொறி அதன் அருகில் பறக்கக் கூடாது.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று, ஓடும் காரில் பேட்டரி முனையைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவு செய்து வேண்டாம். மின்னழுத்தம் திடீரென எகிறி, காரின் மின்னணுப் பாகங்கள் பழுதாகலாம்.

நிறைவாக

தாத்தாவுடன் நிலையத்திற்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். ஊசி போடுவதற்கு முன் தாதியர் அவரை எடை பார்க்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். உடலில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். முடிந்த பின் மீண்டும் எடை பார்க்கிறார்கள். ஈராண்டுகளாக அவரை அங்கே அழைத்துச் சென்ற நாங்கள், அவரைச் சுமந்து செல்லும் காரை மட்டும் ஊகத்தின் பேரில் பழுது பார்த்துக் கொண்டிருந்தோம்.

அந்த மல்டிமீட்டர் இப்போது காரிலேயே இருக்கிறது. ஞாயிறு இரவுகளில் பேட்டரியை நான் அளப்பேன். நான் விடுதியில் இருக்கும் வாரங்களில் அம்மாவே அளந்து, "12.6, நல்லாயிருக்கு" என்று குறுஞ்செய்தி அனுப்புவார். அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.