எண்ணிக்கையில் வராத பிழைகள்

சமூக ஊடக நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் ஒரு புள்ளிவிவரம் தவறாது இடம்பெறுகிறது. நீக்கப்பட்ட தீய பதிவுகளில் எத்தனை விழுக்காட்டை, எவரும் முறையிடுவதற்கு முன்பே கணினி கண்டுபிடித்தது என்பதே அது. வெறுப்புப் பேச்சைப் பொறுத்தமட்டில் 2021-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் இவ்விகிதத்தை ஏறத்தாழ 97 விழுக்காடு எனக் கூறிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களிலோ வேறொரு மதிப்பீடு காணப்பட்டது. தளத்தில் உலவும் வெறுப்புப் பேச்சில் 3 முதல் 5 விழுக்காடு மட்டுமே நடவடிக்கைக்கு உள்ளாகிறது என்றது அது.

இவ்விரு எண்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முதலாவது, பிடிபட்டவற்றை மட்டும் கொண்டு வகுத்துப் பெற்ற எண். இரண்டாவது, பிடிபடாதவற்றையும் சேர்த்து வகுத்தது. பயனாளர் பார்க்கும் பதிவுகளில் வெறுப்புப் பேச்சின் பங்கு எவ்வளவு என்பதே சரியான அளவுகோல் என்றும், அது குறைந்து வருகிறது என்றும் நிறுவனம் விடையிறுத்தது. 2020-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அப்பங்கு பத்தாயிரம் பார்வைக்கு 10 அல்லது 11 என அது கணித்திருந்தது. அளவுகோல் பொருத்தமானதே. ஆனால், உலகம் முழுவதற்குமான ஒரே சராசரி, எந்த நாட்டில் எந்த மொழியில் தீங்கு குவிந்துள்ளது என்பதைக் காட்டாது.

இயந்திரம் செய்வது என்ன?

பொதுவாக இரு முறைகள் கையாளப்படுகின்றன. தீயதென முன்னரே முடிவு செய்யப்பட்ட படத்திற்கோ ஒளிக்காட்சிக்கோ கைரேகை போன்ற ஓர் எண் அடையாளம் கணிக்கப்பட்டு, புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொன்றும் அதனுடன் ஒப்பிடப்படுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைத் தடுப்பதில் இம்முறை பெரும் பயன் அளித்துள்ளது. ஆயினும் புதியதை அது அறியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேரைப் பலிகொண்ட தாக்குதலின் ஒரு பகுதி பேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பானபோது கணினி எச்சரிக்கவில்லை. ஒளிபரப்பு தொடங்கி 29 நிமிடங்கள் கழித்துப் பயனாளர் ஒருவர் முறையிட்டதே முதல் தகவல்.

இரண்டாவது முறையில், மனிதர்கள் 'தீயது', 'தீதற்றது' எனக் குறித்துத் தந்த ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்து கணினி பழகிக்கொள்கிறது. மாதிரிகள் மிகுந்த மொழியில் அது ஓரளவு தேர்ச்சி பெறும்; மாதிரிகள் குறைந்த மொழியில் தடுமாறும். பழகியதற்கு ஒப்பானதைத்தான் அது இனங்காணும். பேசுபவர் யார், பழிக்கிறாரா, பழிப்பைக் கண்டிக்கிறாரா என்பன அதற்கு எளிதில் எட்டுவதில்லை. 2020 அக்டோபரில் பிரேசில் நாட்டில் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படங்களை இன்ஸ்டாகிராம் நிர்வாணமெனக் கருதித் தானாகவே நீக்கியது. படத்தின் மீது போர்ச்சுகீசிய மொழியில் எழுதியிருந்த 'மார்பகப் புற்றுநோய்' என்னும் தலைப்பைக் கணினி படித்தறியவில்லை.

அரிய குற்றமும் பெருந்தொகையும்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடிப் பதிவுகளில் ஆயிரத்திற்கு ஒன்று வீதம் 10,000 பதிவுகள் தீயவை என்று கொள்வோம். தீயவற்றில் 95 விழுக்காட்டைச் சரியாகப் பிடிக்கும் இயந்திரம், நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டுமே தவறாகப் பிடிக்கிறது. கேட்பதற்கு இது சிறந்த இயந்திரமே. பிடிபடும் தீயவை 9,500. தவறாகப் பிடிபடும் நல்லவையோ 99,900. பிடிபட்டவற்றில் பதினொன்றுக்கு ஒன்று கூட உண்மையான குற்றம் அன்று. தவறுகளைக் குறைக்க இயந்திரத்தின் கண்டிப்பைத் தளர்த்தினால் தீயவை தப்பும். இறுக்கினால் நல்லவை அடிபடும். எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்பது கொள்கை முடிவு. அதைப் பொறியியலின் தலையில் கட்டிவிடுவது பொருந்தாது.

இந்நிலையைச் சமாளிக்கவே, பிடிபட்டவற்றை மனிதர் மறுமுறை பார்க்கும் ஏற்பாடு தேவைப்படுகிறது. 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் இவ்வேற்பாடு சுருங்கியதன் விளைவை யூடியூப் நிறுவனத்தின் சொந்தக் கணக்கே காட்டுகிறது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் 1.14 கோடி ஒளிக்காட்சிகள் நீக்கப்பட்டன. மேல்முறையீடுகள் 1,66,000-லிருந்து 3,25,000 ஆக உயர்ந்தன. மீட்கப்பட்டவை 41,000-லிருந்து 1,60,000 ஆயின. அதாவது, மேல்முறையீடு செய்தவருள் ஏறத்தாழ பாதிப்பேர் பக்கம் நியாயம் இருந்தது. முறையிடாமல் விட்டவர்கள் பல மடங்கு. அவர்களுக்கு நேர்ந்த பிழை எந்த அட்டவணையிலும் இல்லை.

மியன்மார் காட்டிய படம்

சிறிய மொழிச் சந்தையில் என்ன நேரக்கூடும் என்பதற்கு மியன்மாரே சான்று. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேஸ்புக்கில் பர்மிய மொழிப் பதிவுகளைப் பரிசீலிக்க அம்மொழி அறிந்தவர் இருவரே இருந்தனர் என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னர் வெளியிட்டது. கணினிக்கும் இடையூறு இருந்தது. அந்நாட்டில் பெரும்பாலோர் உலகப் பொதுத் தரமான யூனிகோட் முறையை விட்டு, ஜாவ்ஜி என்னும் எழுத்துரு முறையில் எழுதி வந்தனர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், கணினிக்கு இரு வேறு குறிகளின் வரிசை. அந்நாடு 2019 அக்டோபரில்தான் அதிகாரபூர்வமாக யூனிகோட் முறைக்கு மாறிற்று.

சொல்லைத் தடை செய்யும் எளிய வழியும் பயன் தரவில்லை. 'கலார்' என்பது அங்கு முஸ்லிம்களை இழிவுபடுத்தும் சொல்லாக வழங்குகிறது. பருப்பையும் நாற்காலியையும் குறிக்கும் அன்றாடச் சொற்களிலும் அது உறுப்பாக உள்ளது. சூழலைப் பிரித்தறிவதில் தடுமாற்றம் நேர்ந்ததை 2017 ஜூனில் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டிலிருந்து ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்கதேசத்திற்குத் தப்பி ஓடினர். செப்டம்பரில், குறித்த ஒரு நாளில் எதிர்த்தரப்பு தாக்கப்போவதாகப் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தொடர் செய்திகள் பரவின. தம் அமைப்பு இவற்றைக் கண்டுபிடித்து நிறுத்தியதாக 2018 ஏப்ரலில் நிறுவனத் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் ஒரு பேட்டியில் கூறினார். கண்டுபிடித்துத் தெரிவித்தவர்கள் தாங்களே என்று மியன்மாரின் ஆறு குடிமை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. மனிதர் செய்த வேலை இயந்திரத்தின் பெயரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் மெத்தனமாகவும் பயனற்ற முறையிலும் செயல்பட்டது என 2018-இல் ஐக்கிய நாடுகளின் உண்மை அறியும் குழு கண்டது. அவ்வாண்டு நவம்பரில், போதுமானதைச் செய்யவில்லை என்பதை நிறுவனமும் ஏற்றது.

செலவு யார் கணக்கில்?

ஒரு மொழிக்கு வகைப்படுத்தும் நிரலை உருவாக்கும் செலவு, அதைப் பேசுவோர் வசதி படைத்தவரா என்று பார்ப்பதில்லை, வருவாய் பார்க்கிறது. 2020-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் பேஸ்புக் ஒரு பயனாளரால் ஈட்டியது வட அமெரிக்காவில் 53 டாலருக்கு மேல், ஆசிய பசிபிக் பகுதியில் 4 டாலர் அளவே. மியன்மாரில் ஏற்பட்ட இழப்பு அகதி முகாம்களின் கணக்கில் ஏறியதேயன்றி நிறுவனத்தின் வரவு செலவில் ஏறவில்லை. பொருளியலார் புறச்செலவு என்பது இதனையே.

நம் நாட்டிற்கு இது அயலார் கதையன்று. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் 121. இவற்றுள் பலவற்றை மக்கள் ரோமன் எழுத்தில், ஆங்கிலம் கலந்து, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகின்றனர். இந்தி, வங்க மொழிகளில் நிரல் இன்மையால் பல பதிவுகள் கண்ணில் படவே இல்லை என 2021-இல் வெளியான உள் ஆவணம் ஒன்று குறிப்பிட்டது. இந்திக்கு 2018-இலும் வங்க மொழிக்கு 2020-இலும் நிரல்கள் சேர்க்கப்பட்டன என்பது நிறுவனத்தின் மறுமொழி. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளுக்கே இந்நிலை என்றால், போடோ, சந்தாலி பேசுவோர் எத்துணைக் காலம் காத்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம்.

2021 பிப்ரவரியில் மைய அரசு வகுத்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய நிறுவனங்கள் தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்தும்போது மனித மேற்பார்வையும், துல்லியம், நடுநிலை, பாரபட்சம் குறித்த மறு ஆய்வும் இருக்க வேண்டும் என்றன. 2022 அக்டோபர் திருத்தம் மேல்முறையீட்டுக் குழுக்களுக்கு வழி செய்தது. அடுத்த ஆண்டு மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. மாதாந்திர அறிக்கையில் வந்த முறையீடுகள், எடுத்த நடவடிக்கை, தானியங்கிக் கருவிகளால் நீக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை ஆகியவை கோரப்பட்டன. தவறாக நீக்கி மீட்கப்பட்டவை எத்தனை, எந்த மொழியில் எத்தனை என்பவை அவ்வாசகத்தில் பெயர் குறித்துக் கேட்கப்படவில்லை. எனினும், குறித்துரைக்கப்படும் பிற விவரங்களையும் தர வேண்டும் என்னும் தொடர் அதே விதியில் உள்ளது. அதன் கீழ் இவற்றைக் கேட்டுப் பெற இடமுண்டு.