பழம்பெரும் இடங்களும் ஊர் நலமும்

ஊரின் பழம்பெருமை என்றதும் திருவிழாவும் தலவரலாறுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய கோயில், குளம், குன்று, தோப்பு ஆகியவை ஊராரின் உடல்நலத்திற்கும் துணை செய்ய வல்லவை. இதனை அறியத் தாம்பரம் வட்டாரமே தக்க சான்றாகும்.

தாம்பரம் தரும் பாடம்

1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அவர்கள் காசநோயாளருக்கென இங்கு ஓர் ஆரோக்கிய நிலையம் நிறுவினார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் இல்லை. தூய காற்றும், வெயிலும், ஓய்வும், நல்லுணவுமே துணை. 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்றும் அது நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொண்டாற்றி வருகிறது.

ஆயினும், காற்று மட்டுமே காசநோயைத் தீர்த்துவிடும் என எண்ணலாகாது. வீட்டிலிருந்தே தக்க மருந்து உண்போரும் மருத்துவமனையில் தங்குவோருக்கு நிகராகக் குணமடைவர் என்பதைச் சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு மெய்ப்பித்தது. நோய்க்கு மருந்து வேண்டும். நலம் குன்றாதிருக்க நல்ல சூழல் வேண்டும். பின்னதைத் தருவனவே நம் பழைய இடங்கள்.

திருநீர்மலை

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில், மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. அவ்வூர் நீர்வளம் மிக்கது என்பதைப் பெயரே நினைவூட்டுகிறது. வரத்துக் கால்வாய் சீராக இருப்பின் குளம் நிறையும். அண்டைக் கிணறுகளிலும் ஊற்றுப் பெருகும். கால்வாய் தூர்ந்து, சாக்கடை கலந்தாலோ, அதே குளம் யானைக்கால் நோயைப் பரப்பவல்ல கொசுக்களுக்கு இருப்பிடமாகும்.

மலைப்படி ஏறுதலும் குளத்தைச் சுற்றி நடத்தலும் நல்ல உடற்பயிற்சி. வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதியோர் நாலு பேருடன் அமர்ந்து உரையாட நிழல் கிடைத்தால் மனச்சோர்வும் குறையும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. ஐப்பசி மழைக்கு முன்னரே வரத்துக் கால்வாயைத் தூர் வாருதல்.

2. குளத்தில் கழிவுநீரும் குப்பையும் சேராது தடுத்தல்.

3. குளக்கரையில் வேம்பு, புங்கம் நட்டு, முதியோர் இடறாது நடக்கப் பாதை அமைத்தல்.

4. கோயில் குளமாயின், அறநிலையத் துறையின் இசைவு பெற்றே பணி தொடங்குதல். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் போன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாயின், 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெறுதல் வேண்டும்.

திருநீர்மலையும் மாடம்பாக்கமும் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தன. ஊர் நகரமாகும்போது முதலில் மறைவது வாய்க்காலே. வீடுகள் எழுந்தபின் அதனை மீட்பது அரிது. ஆகவே அடுத்த கிராம சபையிலேயே நம் ஊர்க் குளத்தின் எல்லையையும் வாய்க்காலின் வழியையும் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, எல்லைக்கல் நடத் தீர்மானிப்போமாக.