நெற்பயிரின் மஞ்சள் தண்டுதுளைப்பான்: அந்தை இனங்காணல்

இரவில் விளக்கொளியை நாடி நெல்வயலிலிருந்து வரும் அந்துக்களுள், மஞ்சள் நிறமுள்ளதையும் அதனுடன் வரும் மங்கிய கபில நிறமுள்ளதையும் கமக்காரர் பலர் இரு வேறு பூச்சிகளெனக் கருதுவர். இவை ஒரே இனத்தின் பெண்ணும் ஆணுமாம். பெண்ணின் முன்செட்டை ஒவ்வொன்றின் நடுவிலும் கரும்புள்ளி ஒன்று தெளிவாகத் தோன்றும். ஆண் உருவிற் சிறியது. அதன் புள்ளிகள் மங்கலானவை.

பெண்ணின் வயிற்று நுனியிலுள்ள மயிர்க்கற்றையை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். இலை நுனிக்கு அண்மையிற் கும்பலாக இட்ட முட்டைகளை இம்மயிரினால் அது மூடிவிடுகின்றது. ஆகவே முட்டைக்கும்பல், இலையில் ஒட்டிய வெளிறிய கபில நிறப் பஞ்சுத் துணுக்குப் போலக் காணப்படும். ஏறக்குறைய ஒரு வாரத்திற் புழுக்கள் வெளிவந்து தண்டினுள்ளே புகும். புகுந்தபின் மருந்து தெளித்தாலும் பயன் சிறிதே. இளம்பயிரில் நடுக்குருத்துக் காய்ந்து இறக்கும். கதிர்ப்பருவத்தில் மணிபிடியா வெண்கதிர் உண்டாகும். ஆதலால் நாற்றுமேடையிலேயே முட்டைக்கும்பல்களைத் தேடி, இலையுடன் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

இவ்வினத்தை 1863 இல் வோக்கர் என்பார் 'கைலோ' என்னும் சாதியில் வைத்து விவரித்தார். பின்னர் அது 'திரிப்போரைசா' எனப்பட்டது. இன்று 'சேர்ப்போபாகா இன்சேர்ட்டுலாசு' என வழங்குகின்றது. பழைய துண்டுப்பிரசுரங்களில் முந்திய பெயரைக் கண்டு வேறு பூச்சியென மயங்க வேண்டாம்.

இளஞ்சிவப்புத் தண்டுதுளைப்பானோ உண்மையில் வேறு குடும்பத்தது. வைக்கோல் நிறமான அதன் பருத்த அந்து, முட்டைகளை இலைமடலின் உட்புறத்தில் மயிர் மூடாது வரிசையாக இடும். இலை நுனிகளில் ஒன்றுங் காணாதிருக்கவும் குருத்துக் காயுமாயின், தண்டைப் பிளந்து புழுவின் நிறத்தைப் பாருங்கள்.