‘யூஸ்டு டு’ – பொருளும் எழுத்தும்

முன்பு வழக்கமாக நிகழ்ந்து, இன்று நின்றுவிட்ட செயலை ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ என்னும் தொடர் உணர்த்தும். பேச்சில் ‘யூஸ்டு’ என்பதன் இறுதி ஒலி அடுத்துவரும் ஒலியோடு கலந்துவிடும். அதனால் எழுதும்போதும் இறுதி எழுத்தாகிய ‘டி’யை விட்டுவிடுவது பிழையாகும். ‘டிட்’ என்னும் துணைவினை வரும் வினாவிலும் எதிர்மறையிலும் மட்டுமே அவ்வெழுத்து நீங்கும். அங்கு இறந்தகாலத்தைத் துணைவினையே காட்டிவிடுகிறது.

‘ஹி யூஸ்டு டு ஸ்மோக்’ என்னும் மருத்துவக் குறிப்பை ‘அவர் புகைபிடித்தார்’ எனப் பெயர்த்தால் வழக்கம் என்னும் பொருள் மறையும். ‘அவர் புகைபிடிப்பார்’ என்றால் கைவிட்ட பழக்கம் இன்றும் தொடர்வதாகிவிடும். ‘அவருக்கு முன்பு புகைபிடிக்கும் பழக்கம் இருந்தது’ என்பதே பொருத்தமான பெயர்ப்பு.

மொழிபெயர்க்க: ‘ஐ யூஸ்டு டு வாக்’, ‘ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்’. இரண்டிற்கும் இடையேயுள்ள பொருள் வேறுபாட்டை விளக்குக.